குழந்தைகளுக்கான சிகிச்சையைப் பெற்றோர் மறுத்தல்: தாம்பரம், பழைய செங்கற்பட்டு மாவட்டம்

மருத்துவர் பரிந்துரைத்த தடுப்பூசி, மருந்து, அறுவை சிகிச்சை ஆகியவற்றைத் தம் குழந்தைக்கு வேண்டாம் என்று பெற்றோர் மறுப்பதும் நாள் கடத்துவதும் இத்தலைப்பில் அடங்கும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், குன்றத்தூர்ப் பக்கம் நேரடியாக ‘மாட்டேன்’ என்பவர்கள் குறைவு. “அவங்க அப்பா வரட்டும், கேட்டுச் சொல்றேன்”, “புள்ளைக்குச் சளி இருக்கு, அடுத்த புதன்கிழமை பார்க்கலாம்” என்பவையே கிராம சுகாதார செவிலியர் அதிகம் கேட்கும் பதில்கள். இவ்வூர்கள் நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. 1997 வரை திருவள்ளூரும் அதே மாவட்டம்தான். ஆகவே அந்தப் பழைய எல்லையே இங்கும் எல்லை.

மறுப்பின் வரலாறு பெரியம்மையில் தொடங்குகிறது. இந்தியாவில் முதல் அம்மைப்பால் 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னைக்கும் வந்தது. ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பதே அன்றைய முறை. யார் வீட்டுப் பிள்ளையின் நீர் யார் உடம்பில் ஏறுகிறது என்ற கேள்வி, சாதி பார்க்கும் ஊரில் எழாமல் இருக்குமா? அதோடு, அம்மை நோயன்று, வீட்டுக்கு வந்திருக்கும் மாரியம்மன். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை மரியாதையாக வழியனுப்ப வேண்டுமே தவிர, வராமல் தடுப்பது அபசாரம். இதற்கு விடையாகத்தான் திருக்குறளை மொழிபெயர்த்த எல்லீஸ் துரை, பசுவின் அம்மைப்பால் தேவியே அருளியது என்று சொல்லும் புராணக்கதை ஒன்றைத் தமிழில் எழுதினார். மக்களின் நம்பிக்கைக்குள்ளேயே நுழைந்து பேசிய முயற்சி அது. நல்லெண்ணம் இருந்தாலும் ஏமாற்று ஏமாற்றுதான்.

பிறகு கன்றுகளிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. 1899 இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிறுவனம் அதைத் தயாரித்து மாகாணத்துக்கு அனுப்பியது. அம்மை குத்துபவர் தெருவுக்குள் வந்தால் பிள்ளைகளை ஒளித்துவைக்கும் வழக்கம் மட்டும் நெடுநாள் நீடித்தது. இந்தியாவிலேயே முதல் முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டத்தை 1939 இல் சென்னை மாகாணம் இயற்றியது. அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கும் பிரிவுகள் அதிலும் உண்டு. புராணத்தில் தொடங்கியது சட்டத்தில் வந்து முடிந்தது.

படிக்காதவர்களின் மூடநம்பிக்கையே மறுப்புக்குக் காரணம் என்பவர்கள் அடுத்த கட்டத்தைக் கவனிக்க வேண்டும். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை இந்தியா 1948 இல் தொடங்கியது. அதைத் தயாரிக்கும் ஆய்வகம் அதே ஆண்டில் கிண்டியில் அமைந்தது. எதிர்ப்பும் சென்னையிலிருந்தே கிளம்பியது. ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் ஏ.வி. ராமன் ஆங்கில இதழ்களில் விடாமல் எழுதினார். 1955 இல், முதல்வர் பதவியிலிருந்து விலகி ஓராண்டு கழிந்த நிலையில், ராஜாஜி களமிறங்கி, தாம் ஏன் பி.சி.ஜி.யை எதிர்க்கிறார் என்று நூலே வெளியிட்டார். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துகிறீர்களே, பலன் உண்டு என்பதற்குச் சான்று எங்கே என்பது அவர் வாதம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் அதை ஏற்கவில்லை, ஊசி தொடர்ந்தது.

சான்று கேட்ட கேள்விக்கு விடை தேடியதும் இதே மாவட்டம்தான். 1968 முதல் 1971 வரை ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு பி.சி.ஜி.யோ வெறும் ஊசியோ போட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். உலகில் நடந்த மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை இது, மருத்துவ நூல்களில் இன்றும் ‘செங்கற்பட்டு சோதனை’ என்றே வழங்குகிறது. 1979 இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.யால் இங்கு பலன் தெரியவில்லை. ஆனாலும் பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் அந்த ஊசி காக்கிறது என்பது பிற ஆய்வுகளில் உறுதியானது. பிறந்தவுடன் இன்றும் அதைப் போடுவது அதனால்தான். ராஜாஜி சான்று கேட்டது சரி. சான்று வருமுன்பே ஊசியைத் தீங்கென்று தீர்ப்புச் சொன்னது சரியில்லை.

தாம்பரம் சானடோரியம் இந்தக் கதையின் இன்னொரு சாட்சி. டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928 இல் தொடங்கி, 1937 இல் அரசு எடுத்துக்கொண்ட காசநோய் மருத்துவமனை அது. அதையொட்டி 2005 இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கும் தாய்க்கு இரண்டு மருத்துவமும் அரசாங்கமே காட்டும் வழிகள். அவள் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவதை மறுப்பு என்று எழுதிவிட முடியாது.

2008 ஏப்ரல் 23, புதன்கிழமை. திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட சிறிது நேரத்தில் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமங்களுக்குச் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் முன்னிலையில் மட்டும் போடுவது என்று அரசு முடிவெடுத்தது. பாதுகாப்பு நோக்கில் எடுத்த முடிவுதான். ஆனால் தெருமுனையில் கிடைத்த ஊசிக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதாயிற்று. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, எல்லாத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் தமிழகத்தில் 2005–06 இல் சுமார் 81 விழுக்காடு. 2015–16 இல் சுமார் 70. சரிவுக்கு இது ஒன்றே காரணமென்று சொல்ல இயலாவிட்டாலும், மரணச் செய்தி கேட்ட தாயின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

அடுத்த மோதல் 2017 பிப்ரவரி 6 இல் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா முகாம். ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை சுமார் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தமிழகம் திட்டமிட்டது. பாதிக்கு மேல் பள்ளிகளில் நடக்க வேண்டிய வேலை. முகாம் தொடங்குமுன்பே வாட்ஸ்அப் முந்திக்கொண்டது. ஊசி போட்டால் மலட்டுத்தன்மை வரும், வெளிநாட்டுச் சதி, நம் பிள்ளைகள் மேல் சோதனை என்றெல்லாம் குரல்பதிவுகள் சுற்றின. ஊசி நாளன்று பல பள்ளிகளில் வகுப்பறைகள் காலியாகக் கிடந்தன. மாதக்கடைசியில் முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்ட நேர்ந்தது. “இது எதுக்கு? ஏற்கெனவே போட்ட ஊசிதானே?” என்ற எளிய கேள்விக்குப் பள்ளியில் பதில் சொல்ல ஆளில்லாததும் வதந்திக்கு வசதியானது. இதே முகாம் டெல்லிப் பள்ளிகளுக்கு வந்தபோது, பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் பிறகு, தமிழகத்தின் தடுப்பூசி விகிதம் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் 89 விழுக்காட்டை எட்டியது.

செய்தியாகாத மறுப்புகளே எண்ணிக்கையில் அதிகம். பிள்ளை சாப்பிடாமல் வாந்தியெடுத்தால் முதலில் ‘தொக்கம்’ எடுப்பவரிடம் போவார்கள். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லி, குழாய் வைத்து உறிஞ்சி, எதையோ துப்பிக் காட்டுவார் அவர். வயிற்றுப்போக்கில் வறண்டுபோகும் குழந்தைக்கு அந்த அரைநாள் தாமதமே ஆபத்து. இன்னொரு வகை, தனியார் மருத்துவமனையில் ‘எழுதிக் கொடுத்துவிட்டு’ அழைத்துப் போவது. படிவத்தில் மருத்துவ ஆலோசனையை மீறிய வெளியேற்றம் என்றிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பணமில்லாமைதான். 2009 இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதன் தொடர்ச்சியும் இந்த வகையைக் குறைத்தன, ஒழிக்கவில்லை.

பிறக்குமுன்பே தொடங்கும் மறுப்பு அண்மைக்காலத்தது. தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும் காலத்தில், வீட்டுப் பிரசவம் ஒரு கொள்கையாகத் திரும்பியிருக்கிறது. 2018 ஆகஸ்டில் வீட்டுப் பிரசவப் பயிற்சிக்கு விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைதானார். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு தம்பதி, ஆயிரம் பேருக்கு மேல் இருந்த வாட்ஸ்அப் குழுவைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தது தெரியவந்து, சுகாதாரத் துறையினர் போலீசில் புகார் கொடுத்தனர். ஊசியும் மருந்தும் இல்லாத ‘இயற்கை’ வாழ்வைத் தேடும் நகரவாசிகள் இவர்கள். எதிர்த்து வாதாட, மாரியம்மனுக்கு அஞ்சிய பாட்டியைவிடக் கடினமானவர்கள்.

சட்டம் இதில் தெளிவாகப் பேசுவதில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளர் சம்மதத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு. சம்மதம் பெற இயலாத அவசர நிலையில் மருத்துவர் செயல்படுவதை 30ஆம் பிரிவு காக்கிறது. பெற்றோர் கண்முன்னே நின்று மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு இரண்டிலும் நேரடி விடை இல்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு குழந்தையைப் புறக்கணித்துத் துன்பத்துக்கு உள்ளாக்குவதைத் தண்டிக்கிறது. ஆனால் பரிந்துரைத்த சிகிச்சையை மறுப்பதைத் தனிக் குற்றமாக வரையறுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை.