பனியும் வெயிலும் தேயிலையும்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவின் புல்வெளிகளில் உறைபனி படரும்போது, அதனைக் கண்டுகளிக்க உல்லாசப் பயணிகள் திரள்கின்றனர். அதே விடியலில் அயலிலுள்ள தேயிலை மலைகளில் கொழுந்துகள் கருகத் தொடங்குகின்றன. அக்கருகலின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே எமது கேள்வியாகும்.

தேயிலைச் செடி 18 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் செழித்து வளரும். வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே இறங்கினால் தளிர் வளர்ச்சி நின்றுவிடும். முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலத்தின் வெப்பம் வானோக்கி வெளியேற, பாரமான குளிர்காற்று பள்ளங்களில் தேங்குகிறது. இதனாலேயே ஒரே தோட்டத்தில் மேட்டுமலை தப்ப, பள்ளத்து மலை கருகுகிறது. இலையின் கலங்களுக்கிடையே உருவாகும் பனிக்கட்டி, கலங்களிலிருந்து நீரை உறிஞ்சி அவற்றைச் சிதைக்கிறது. வெயில் ஏறியதும் இலை பழுப்பாகி விடுகிறது.

வெப்பமும் இவ்வாறே. இலையின் வெப்பநிலை 35 பாகையைக் கடந்தால் அது உணவு தயாரிக்கும் ஆற்றல் வேகமாகக் குன்றுகிறது. வரண்ட காற்றில் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, நீர் மிஞ்சினாலும் வளர்ச்சி தடைப்படுகிறது. இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறுதோட்ட உரிமையாளர்கள் வரட்சிக் காலங்களில் இதனை நன்கு அனுபவிக்கின்றனர்.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. நிழல் மரங்கள் பகல் வெப்பத்தைத் தணிப்பதுடன் இரவில் நிலத்தின் வெப்பத்தையும் ஓரளவு காக்கின்றன. நிலத்தை இலைதழைகளால் மூடுவது ஈரத்தைப் பேணும். பள்ளங்களில் குளிர்காற்று வடிந்து செல்ல வழிவிடுவதும் பயன் தரும். நிழல் மரங்களை வெட்டிவிட்டு மீள நடாத தோட்டங்கள் இருபுறமும் இழக்கின்றன.

ஆயினும் செடி தளிர்க்காத நாளில் கொழுந்து பறிப்பவரால் என்ன செய்ய முடியும்? நிர்ணயித்த நிறை சேராவிடின் அரைநாட் சம்பளம் பதியும் வழக்கம் தோட்டங்களில் இருந்து வருகிறது. பனியும் வரட்சியும் தாக்கிய மலைகளுக்கும் வழமையான நிறையையே கேட்பது, இயற்கையின் குற்றத்துக்குத் தொழிலாளரைத் தண்டிப்பதாகும். பருவத்துக்கும் மலைக்கும் ஏற்ப அந்நிறையைக் குறைக்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். தொழிற்சங்கங்களும் சம்பளத் தொகையுடன் இதனையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது எமது வேண்டுகோளாகும்.