ஒலியளவின் எழுத்து

திருமலைச் சங்கீர்த்தன பண்டாரத்தில் இருந்த தாளப்பாக்கம் அன்னமாச்சாரியரின் செப்பேடுகள் பாடலின் சொற்களைத் தருகின்றன; இராகத்தின் பெயரைத் தருகின்றன; சுரங்களைத் தருவதில்லை. அதனால்தான் 20ஆம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் அவற்றுக்குப் புதிதாக மெட்டமைக்க நேர்ந்தது. 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ கமகங்களுக்கும் குறியீடு வகுத்தது. ஆயினும் ஓர் அசை எங்கே ஓங்கி எங்கே அடங்க வேண்டும் என்பது பெரிதும் எழுதாக் கிளவியாகவே நின்றது. ஒலிக்கலவையில் ‘ஆட்டோமேஷன்’ எனப்படுவது உண்மையில் அந்த ஒலியளவுக்குக் கிடைத்த எழுத்துமுறை.

நாடாப்பதிவுக் காலத்தில் கலவை கைவேலை. பாட்டு ஓடும்போதே பொறியாளர் ஃபேடர்களை ஏற்றி இறக்குவார். கை போதாதபோது உதவியாளரின் கையும் சேரும். அந்த அசைவின் விளைவு நாடாவில் தங்கியது; அசைவு தங்கவில்லை. 1970களில் நீவ் நிறுவனத்தின் ‘நெக்காம்’ அசைவையே நினைவில் வைத்து, மோட்டாரால் ஃபேடரை மீண்டும் நகர்த்திக் காட்டியது. 1983இல் வந்த மிடி, விசையை அழுத்தும் வேகத்தை 0 முதல் 127 வரையிலான எண்ணாக்கியது.

தமிழில் இக்கருவிகள் வீட்டுக்குள் குடியேறிய கதையைக் கோடம்பாக்கத்துப் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னைத் தவிர்த்துச் சொல்ல இயலாது. 1976இல் ஆர்.கே.சேகர் மறைந்தபின் அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்த குடும்பம் அது. மகன் ஏ.ஆர்.ரகுமான் விளம்பர இசையில் கைபழகி, ‘ரோஜா’வுக்கு (1992) வந்தார். அவருடைய ஒலிக்குக் கணினியே காரணம் என்பது மிகை. வாடகைக் கூடத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலோ ஒரே வரியை இரவு முழுதும் திருத்தலாம். எச்.ஸ்ரீதர் போன்ற பொறியாளரின் செவியும் உடன் இருந்தது.

2022 வரை திருமலையோடு ஒரே சித்தூர் மாவட்டத்தில் இருந்த காணிப்பாக்கம் போன்ற ஊரிலும், இன்று மடிக்கணினியும் ஒலிவாங்கியும் இருந்தால் விநாயகர் பாடலொன்றை வீட்டிலேயே கலந்துவிடலாம். பல்லவிக்கு முந்தைய மூச்சைச் சற்றே உயர்த்தலாம். சரணத்தின் கடைசி அசைக்கு மட்டும் எதிரொலியைத் திறந்து, உடனே மூடலாம். தவிலை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, அது வீதி திரும்பிச் செல்வதாகத் தோன்றச் செய்யலாம். எல்லாம் திரையில் புள்ளிகளும் கோடுகளும்.

ஆனால் அந்தக் கோடுகள் வெளியே வருவதில்லை. வெளியாவது இறுதி ஒலிக்கோப்பு. கோடுகள் உள்ள கோப்பு வன்தட்டில் கிடந்து, மென்பொருள் மாறியபின் திறக்க மறுக்கிறது. செப்பேட்டைப் படிக்க எழுத்தறிவு போதும். இதைப் படிக்க அதே மென்பொருளும் அதே செருகுநிரல்களும் வேண்டும். முன்னெச்சரிக்கையாகச் சிலர் ஒவ்வொரு தடத்தையும் தனி ஒலிக்கோப்பாக எடுத்துவைக்கிறார்கள். அதிலும் கோடு ஒலிக்குள் கரைந்துவிடுகிறது, நாடாக் காலத்தில் கரைந்ததைப் போலவே.