துப்பறியும் புனைவும் எழுத்துப் பயிற்சியும்

தமிழில் துப்பறியும் புதினத்தை வளர்த்தோர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர். ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950-இல் திரைக்கும் வந்தார். எனினும் இலக்கிய வரலாறுகள் இவர்களைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் இவ்வகைக் கதைக்குப் பத்து விதிகளே வகுத்தார். துப்பறிவோன் காணும் தடயத்தை வாசகருக்கும் காட்டவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தமிழில், கிருஷ்ணகுமார் என்னும் பெயரில் திகில் கதைகள் எழுதிய ரா.கி. ரங்கராஜன் (1927–2012) ‘எப்படிக் கதை எழுதுவது?’ என்று பயிற்சி நடத்தினார். திகிலுக்கு வேறு பெயர் எதற்கு என்பது தனி ஆராய்ச்சி!

அப்பயிற்சிக்குரிய பாடம் சிலம்பிலேயே உண்டு. கள்வன் பொற்கொல்லன் என்பதை இளங்கோவடிகள் முன்னமே அறிவித்துவிடுகிறார். பாண்டியன் மட்டும் அறியான். மாணிக்கப் பரல் தெறிக்கும்வரை கற்போர் நெஞ்சு பதைப்பது அதனால்தான்.