ஆத்தங்குடிக் கல்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் வார்க்கப்படும் பூவேலைத் தரைக்கல் ஆத்தங்குடிக் கல் எனப்படும். கடைத்தெருவில் ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்றால்தான் சட்டெனப் புரியும். சிமென்ட், மணல், வண்ணப்பொடி, தண்ணீர், இவைதாம் இதற்கான சரக்கு. சூளையில் வைத்துச் சுடுவதில்லை; இயந்திரத்தில் பாலிஷ் போடுவதும் இல்லை. பளபளப்பு ஒரு கண்ணாடித் துண்டிலிருந்து வருகிறது.

இதைத் தொன்மையான கலை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் போர்ட்லாண்டு சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டதே 1824இல்தான். வண்ணச் சிமென்டில் தரைக்கல் வார்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் பரவியது. பர்மா, மலாயா, இலங்கை என்று வணிகத்துக்குப் போன நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார், பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் கப்பலில் வரவழைத்துக் காரைக்குடி வட்டாரமான செட்டிநாட்டில் வீடு கட்டிய காலமும் ஏறத்தாழ அதுவே. அவ்வளவு பெரிய வீடுகளின் தரைக்கு உள்ளூர் மணலும் உள்ளூர்க் கைகளும் கொடுத்த விடைதான் இந்தக் கல். அந்தக் காலத்துப் புதுமோஸ்தரைத்தான் நாம் இன்று மரபு என்கிறோம்.

கல் தலைகீழாக உருவாகிறது. சதுரக் கண்ணாடியைத் துடைத்து வைத்து, அதைச் சுற்றி உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். அதற்குள் பூவின் கோடுகளாகத் தகடுகள் வளைந்து நிற்கும் அச்சை இறக்குவார்கள். தோசைமாவைவிடச் சற்று நீர்த்த வண்ணச் சிமென்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுவார்கள்: இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, ஓரத்துக்கு மஞ்சள். பிறகு அச்சை மேலே தூக்க வேண்டும். கை ஆடாமல் நேராகத் தூக்கினால் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. ஆடினால் இதழ் கலங்கிவிடும். ஈரத்தை உறிஞ்ச மணலும் சிமென்டும் கலந்த உலர்கலவையை மேலே தூவி, அதன்மேல் ஈரக்கலவையைக் கொட்டிக் கரணையால் மட்டம் செய்வார்கள். அப்புறம் வெயில், தண்ணீர்த் தொட்டி, மறுபடி காய்தல். கண்ணாடி கழன்று வரும்போதுதான் வார்த்தவரே பூவின் முகத்தைப் பார்க்கிறார்.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் நகரத்தாரின் பெரும்பணம் அங்கேயே சிக்கியது. புது வீடுகள் குறைந்தன. இருந்த வீடுகள் பலவும் பூட்டப்பட்டுத் திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கப்பட்டன. பின்னால் மொசைக் வந்தது, கிரானைட் வந்தது, ஆலையில் அழுத்திச் சுட்ட டைல்ஸ் வந்தது. விலையிலும் வேகத்திலும் கைவேலையால் அவற்றோடு போட்டி போட முடியவில்லை.

கல் திரும்பி வந்தது வேறு வாசல் வழியாக. பூட்டிய வீடுகள் சில தங்கும் விடுதிகளாயின. சினிமாப் படப்பிடிப்புக்கு வீட்டு முகப்பும் உள்முற்றமான வளவும் வாடகைக்குப் போயின. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பார்க்க வந்தவர்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கட்டடக் கலைஞர்கள் கல் கேட்டு வரத் தொடங்கினார்கள்.

வாங்குபவர் மாறியதும் கல்லும் மாறியது. பட்டாலை எனப்படும் கூடம் முழுவதும் பரப்பிய காலம் போய், அடுக்குமாடி வீட்டில் பூஜையறைக்கும் பால்கனிக்குமாக ஐம்பது, நூறு கல் என்று கேட்கிறார்கள். அழுத்தமான சிவப்புக்கும் பச்சைக்கும் பதிலாகச் சாம்பலும் வெள்ளையும் கேட்பவர்கள் உண்டு. சுவரில் பதிப்பவர்களும் உண்டு. கணினியில் வரைந்த படத்தைக் கொடுத்தால் அதற்கேற்பத் தகட்டை வளைத்துப் புது அச்சு செய்ய முடியும். மாறாதது கரண்டி பிடிக்கும் கையும் வெயிலும். மழைக்காலத்தில் அவசரம் என்றால் நடக்காது. இதே பூக்களை அச்சடித்த ஆலை டைல்ஸ் ‘ஆத்தங்குடி டிசைன்’ என்ற பெயரில் விற்பதும் இந்தப் புகழின் விளைவுதான். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வெறுங்காலை வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பதித்த பிறகும் வேலை உண்டு. உமியால் தேய்ப்பதும், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதும் பழைய பழக்கம். நடக்க நடக்க மெருகேறும். குளியலறை ஆசிட் பட்டால் அதோடு சரி. எலுமிச்சைச் சாறுகூடத் தடம் விடும். நகரத்துச் சமையலறைக்கு இந்தக் கல்லைப் போடச் சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வீடு இடிபடும்போது கதவு, நிலை, தூண் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். தரைக்கல் அப்படி வருவது அரிது. காரையோடு இறுகிய கல்லைப் பெயர்த்தால் பெரும்பாலும் உடைந்துவிடும். பழைய தேக்குத் தூணை விலைக்கு வாங்கித் தன் வீட்டில் நட்டுக்கொள்கிறவரும் தரைக்கு ஆத்தங்குடிப் பட்டறையில்தான் புதிதாகச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.