உடம்புக்குள் ஒரு தலைமறைவு – 4: குடுவைக்குள் ஓர் ஆண்பிள்ளை

தென்மேற்கு ஜப்பானில், குறிப்பாகக் கியூஷுவில் பிறந்தவர்களையே தேடித் தேடிப் பிடிக்கும் ஒரு ரத்தப் புற்றுநோய். 1977இல் கியோட்டோவில் கியோஷி தகாட்சுகி குழுவினர் அதை அடையாளம் கண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். நோய் ஊர் பார்த்து வருகிறதென்றால் பின்னால் கிருமி இருக்க வேண்டுமே?

இனி, ஷிகோகு தீவின் கோச்சி. (கேரளத்துக் கொச்சி அல்ல!) இசாவோ மியோஷி அங்கே ஒரு நோயாளிப் பெண்ணின் புற்றுச் செல்களையும், நலமாகப் பிறந்த ஓர் ஆண்குழந்தையின் தொப்புள்கொடி ரத்த வெள்ளையணுக்களையும் ஒரே குடுவையில் வளர்த்தார். செல்கள் நிற்காமல் பெருகின. புற்றுச் செல்கள்தானே, பெருகாமல் என்ன செய்யும்? குரோமோசோமைப் பார்த்தால், அத்தனையும் ஆணுடையவை! பெருகியது அந்தப் பச்சிளம் ரத்தம். அதற்குள் வைரஸ்.

1981இல் இது வெளிவந்தது. அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வகம் ஓராண்டு முன்பே பிடித்திருந்த ரெட்ரோவைரஸும் இந்த வைரஸும் ஒன்றே எனப் பிறகு தெரிந்தது. பெயர் எச்.டி.எல்.வி-1.

மியோஷி இரண்டு ரத்தத்தையும் ஒன்றாக வளர்த்தாரே, சூட்சுமம் அங்கேதான். இந்த வைரஸ் தனியாக மிதந்துபோய்த் தொற்றுவது அரிது. தொற்றிய செல் இன்னொரு செல்லோடு ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் சரக்கு கைமாறும். 2003இல் லண்டனில் சார்லஸ் பங்கமின் குழு இதைக் கண்டு காட்டியது.

குடிபுகுந்தபின் செல்லின் மரபணுவிலேயே தன்னைத் தைத்துக்கொள்ளும். செல் இரண்டானால் வைரஸும் இரண்டு. புதுத் துகள் ஒன்றுகூடச் செய்யாமல் வம்சம் வளர்க்கும் சாமர்த்தியம்! செல்லைப் பெருகத் தூண்டுவது ‘டாக்ஸ்’ என்ற அதன் புரதம். நம் காவல் செல்கள் மோப்பம் பிடிப்பதும் அதையேதான். ஆகவே டாக்ஸ் எப்போதாவதுதான் தலைகாட்டும். தொற்றியவர்களில் 100க்குச் சுமார் 5 பேருக்கே புற்றுநோய், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து.

சரி, கியூஷுவில் இந்த வைரஸ் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வந்தது. எப்படி? உயிருள்ள செல்லில் ஏறினால்தானே அதற்குப் பயணம்? தாயிடமிருந்து பிள்ளைக்கு, நாள் தவறாமல், உயிருள்ள செல்களைச் சுமந்து போவது எது?

1987இல் நாகசாகியின் மருத்துவர்கள் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வைரஸ் இருந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். எந்தத் தாயிடமும் கேட்க நாக்கூசும் வேண்டுகோள்.

(தொடரும்)