இருபுறமும் இருநூறு



1957ஆம் ஆண்டு நெய்வேலியில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஆனால் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது 1961இல்தான். இடைப்பட்ட காலமெல்லாம் அள்ளியது மேல்மண்ணே.

நெய்வேலி நகரியத்தில் ஒரு மாலை, கணித ஆசிரியப் பயிற்சி பெறுவோர் சிலருடன் அளவளாவிக்கொண்டிருந்தேன். அந்த மண்ணைக் கொண்டே ஒரு கணக்குக் கொடுத்தேன். பாதை அமைக்க 200 கன மீட்டர் மண் அகற்றினார்கள். பிறகு ஒரு டன் கரிக்கு 5 கன மீட்டர் வீதம் அகற்றினார்கள் எனக் கொள்வோம். அகற்றிய மண் மொத்தம் 1,700 கன மீட்டர். கிடைத்த கரி எவ்வளவு?

நொடியில் விடை வந்தது: 300 டன். "எப்படி?" என்றேன். "200ஐ அந்தப் பக்கம் கொண்டுசென்றால் கழித்தலாகும்" என்றார் ஓர் அம்மையார். "ஏன் ஆகும்?" என்று வினவினேன். "அதுதான் விதி" என்றார். குறை கூற எனக்கு வாயில்லை. நானும் பல்லாண்டுகள் அப்படியே கற்பித்தவன்.

இக்கலையை அட்சர கணிதம் என்றும் அழைத்ததுண்டு. அப்பெயரே நம்மை ஏமாற்றுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, எழுத்துக் குறி ஒன்றுகூட இல்லாமல் சமன்பாடுகளை முற்றிலும் சொற்களாலேயே தீர்த்தார். அவர் நூலின் பெயரில் இரண்டு செயல்கள் உள. ஒன்று அல்-ஜபர்: குறைந்துள்ளதை இருபுறமும் கூட்டி நிறைவாக்குதல், அல்ஜீப்ரா என்னும் சொல் இதிலிருந்தே பிறந்தது. மற்றொன்று அல்-முகாபலா: இருபுறமும் ஒத்திருப்பதை இருபுறமும் நீக்குதல். ஆக, எண் எதுவும் வேலி தாண்டிப் போவதில்லை. 1,700க்குள்ளும் அந்த 200 இருக்கிறது; இரு புறத்திலிருந்தும் அதை எடுத்துவிடுகிறோம், அவ்வளவே. அறியாத எண்களுக்கும் அறிந்த எண்களுக்கும் முறையாக எழுத்திட்டவர் பிரான்சு நாட்டு வியெத்து, அது 1591இல்.

அம்மையார் சற்றே சிந்தித்தார். கரும்பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, இருபுறமும் 200ஐக் கழித்து மீண்டும் எழுதினார். பிறகு திரும்பி, "ஐயா, அந்த 200ம் நமக்குத் தெரியாதிருந்தால்?" என்றார்.

அன்று நான் கேட்ட கேள்விகளைவிடச் சிறந்த கேள்வி அது! நம் பாஸ்கரர் 1150ஐ ஒட்டி இயற்றிய பீஜகணிதத்தில், அறியாத முதல் எண்ணுக்கு யாவத்தாவத் என்று பெயர். அதாவது, 'எவ்வளவோ அவ்வளவு'. அடுத்து வருவனவற்றுக்கு வண்ணங்களே பெயர். இரண்டாவதன் பெயர் காலகம், அதாவது கறுப்பு என்றேன்.

"நெய்வேலிக்கு ஏற்ற பெயர்தான்" என்று சிரித்துக்கொண்டே, பலகையில் 200ஐ அழித்துவிட்டு அங்கே 'கா' என்று எழுதினார்.