நாத்தத்தை எப்படிங்க போட்டோ எடுக்கறது?

செம்மங்குப்பம்னு சொன்னா இப்போ எல்லாருக்கும் ரயில்வே கேட்தான் ஞாபகம் வரும். 2025 ஜூலை 8 காலையில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோன இடம். எனக்கு அதற்குப் பல வருடம் முன்பே இந்த ஊர் மூக்கு வழியாகப் பழக்கம்.

தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ். ஆலப்பாக்கம் தாண்டி சிப்காட் நெருங்கினால் தூங்குகிற ஆள்கூட எழுந்து கர்சீப்பை எடுப்பார். நான் கேமராவை எடுப்பேன். புகைபோக்கி, பூட்டிக் கிடக்கும் கம்பெனி கேட், துருப்பிடித்த டேங்க்... படமெல்லாம் அழகாத்தான் வந்திருக்கு.

ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்த செம்மங்குப்பத்து ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி, இதுல நாத்தம் வருமா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் பழைய கதையைத் தேடினேன். சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே 1980களில் வந்த வளாகம் இது. ரசாயனம், மருந்து, சாயம் என்று வரிசையாக ஆலைகள். நாத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. யாராவது வந்து பார்ப்பதற்குள் காற்று திசை மாறிவிடும், ஆதாரம் போயே போச்சு!

2004-ல் சுற்றுவட்டார ஊர்க்காரர்களே சிப்காட் பகுதி சமூக சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு என்று ஒன்றில் சேர்ந்தார்கள். நாத்தத்தை இனம் பிரிக்கப் பழகினார்கள். அழுகின முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் நோட்டில் ஏறியது. 1990களில் கலிபோர்னியாவில் பிறந்த வாளி முறையில் காற்றைப் பையில் பிடித்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்களும் அதில் இருந்தது தெரிந்தது.

2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழில் பகுதிகளுக்கு மார்க் போட்டது. 70-ஐத் தாண்டினால் மிக மோசம். கடலூருக்கு 77.45. ஊர்க்காரர்களின் மூக்கு முன்பே சொன்னதுதான்.

படிப்பு, பட்டம் எதுவும் கேட்காமல் மூக்கையும் நோட்டையும் வைத்தே எழுதிய வரலாறுங்க அது. என் நூற்றுக்கணக்கான படங்களில் அது ஒன்றில்கூட இல்லை.

இப்போது ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தேதி, நேரம், காற்று, வாடை எழுதுகிறேன். உங்க தினசரி பஸ் ரூட்டிலும் இப்படி ஒரு இடம் இருக்கும். ஜன்னலை மூடுவதற்கு முன்னாடி மணி என்னன்னு பார்த்து குறிச்சு வைங்க மக்களே.